எலித் தோலும் நம் தோலும்: சொரியாசிஸ், எக்ஸிமா ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் அழற்சி பற்றிய ஆய்வகம் ஒன்றில் சில வருடங்கள் சுண்டெலிகளோடு வேலை பார்த்தவள் நான். சொந்தக்காரர்கள், சொரியாசிஸ் உள்ள நண்பர்கள், முதுகலை படிக்கும் பிள்ளைகள், எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். 'எலி' என்று எழுதும் இடமெல்லாம் சுண்டெலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எலிக்குச் சொரியாசிஸ் வருமா?

வராது. சொரியாசிஸ் மனிதர்களின் நோய். குரங்குகளில் அதை ஒத்த ஓரிரு நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன, அவ்வளவுதான். எலிக்குத் தோல் சிவக்கும், தடிக்கும், செதில் உதிரும், ஆனால் அதுவாக முழங்கையில் ஒரு திட்டு வந்து பத்து வருடம் அங்கேயே உட்கார்ந்திருக்காது. ஆய்வகத்தில் பார்ப்பதெல்லாம் நாம் உண்டாக்கும் ஒன்று. அதனால்தான் கவனமாக எழுதுகிறவர்கள் 'சொரியாசிஸ்' என்று எழுதாமல் 'சொரியாசிஸ் போன்ற அழற்சி' என்று எழுதுவார்கள். அந்த 'போன்ற' என்ற சொல்லைத்தான் செய்திகளில் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

வராத நோயை எப்படி எலியில் ஆராய்கிறீர்கள்? 'மாதிரி' என்றால் என்ன?

முழு நோயையும் எலிக்குள் கொண்டுவர முடியாது, நோயின் ஒரு துண்டைக் கொண்டுவரலாம். சொரியாசிஸில் பல காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மேல்தோல் செல்கள் அவசர அவசரமாகப் பெருகுகின்றன, வெள்ளணுக்கள் தோலுக்குள் வந்து குவிகின்றன, அவை ஐஎல்-23, ஐஎல்-17, டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன, நோயாளியின் மரபணுக்களுக்கும் இதில் பங்கு உண்டு. இதில் ஒரு துண்டை மட்டும் எலியில் ஓடவிட்டு, அதை நிறுத்தினால் என்ன ஆகிறது, கூட்டினால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் விலங்கு மாதிரி.

என்னைக் கேட்டால், 'இது நல்ல மாதிரியா' என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. 'இது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்' என்று கேட்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

எலித் தோலும் நம் தோலும் ஒன்றுதானே?

அடிப்படை ஒன்றுதான், மேல்தோல், அடித்தோல், கீழே கொழுப்பு. ஆனால் வித்தியாசங்கள் சின்னவை இல்லை. எலியின் முதுகில் மேல்தோல் இரண்டு மூன்று செல் அடுக்குதான் இருக்கும், நமக்கு அதைப் போலப் பல மடங்கு. எலிக்கு உடம்பெல்லாம் அடர்ந்த முடி, அதனால் முடிக்கால்கள் நெருக்கமாக இருக்கும். தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்றும் உண்டு. மாட்டின் முதுகில் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் வெடுக்கென்று சிலிர்க்குமே, அந்தத் தசைதான். நமக்கு அது பெரும்பாலும் மறைந்துபோய்விட்டது.

நோய் எதிர்ப்புப் பக்கம் வித்தியாசம் இன்னும் முக்கியமானது. எலியின் மேல்தோலில் காமா-டெல்டா டி செல்கள் (டி செல் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை) கிளை விரித்து வரிசையாக உட்கார்ந்திருக்கும், நம் மேல்தோலில் அந்த வகை கிடையாது. எலித் தோலில் ஐஎல்-17-ஐப் பெரும்பாலும் சுரப்பது அடித்தோலில் இருக்கும் காமா-டெல்டா செல்கள், சொரியாசிஸ் நோயாளியில் அதைச் செய்வது முக்கியமாக ஆல்ஃபா-பீட்டா டி செல்கள். சுரக்கிற பொருள் ஒன்று, சுரக்கிற ஆள் வேறு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களைத் தோலுக்கு இழுக்கும் நம்முடைய ஐஎல்-8-க்கு நேரான மரபணுவே எலியில் இல்லை, அந்த வேலையை அங்கே வேறு சில புரதங்கள் பார்த்துக்கொள்கின்றன.

பன்றித் தோல்தான் மனிதத் தோல் மாதிரி இருக்கும் என்கிறார்களே, அப்புறம் ஏன் எலி?

உண்மைதான், தடிப்பிலும் முடி குறைவாக இருப்பதிலும் பன்றித் தோல் நமக்கு நெருக்கம். ஒரு மருந்து தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும், காயம் எப்படி ஆறும் என்ற கேள்விகளுக்குப் பன்றி நல்ல தேர்வு. ஆனால் 'இந்தப் புரதம் இல்லாவிட்டால் அழற்சி வருமா' என்று கேட்க வேண்டுமென்றால் அந்த மரபணுவை மட்டும் நீக்கிய விலங்கு வேண்டும், அந்த இனத்துக்கென்று செய்த ஆன்டிபாடிகள் (குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) வேண்டும், ஒரே மரபுடைய பத்து இருபது விலங்குகள் ஒரே வயதில் வேண்டும். இவையெல்லாம் எலியில்தான் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

எலி எப்போதும் முதலிடத்தில் இருந்ததும் இல்லை. தோல் ஒவ்வாமையின் அடிப்படைப் பாடத்தைச் சொல்லித்தந்தது கினிப்பன்றி. 1942-இல் லேண்ட்ஸ்டைனரும் சேஸும் ஒரு ரசாயனத்துக்கு ஒவ்வாமை வந்த கினிப்பன்றியின் வெள்ளணுக்களை எடுத்து, ஒவ்வாமையே இல்லாத இன்னொன்றுக்குச் செலுத்தினார்கள், ஒவ்வாமையும் கூடவே போய்விட்டது. ரத்தத்தின் தெளிந்த நீரை மட்டும் கொடுத்தபோது அப்படிப் போகவில்லை. தொடுவதால் வரும் ஒவ்வாமையை நடத்துவது செல்கள் என்று தெரிந்தது அங்கேதான்.

இமிகுவிமாட் மாதிரி என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறதே, அது என்ன?

இமிகுவிமாட் என்பது மருக்களுக்குப் போடும் ஒரு கிரீம், 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வைரஸ் வந்துவிட்டது என்று உடம்பை நம்பவைத்து, டிஎல்ஆர்-7 என்ற உணரியைத் தட்டி எழுப்பி, நோய் எதிர்ப்பைக் கிளப்பும். இந்தக் கிரீம் போட்ட சிலருக்குச் சொரியாசிஸ் திடீரென்று கிளம்பியதையும் அதிகமானதையும் மருத்துவர்கள் கவனித்து எழுதினார்கள். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஒரு குழு அதையே எலியில் போட்டுப் பார்த்து 2009-இல் வெளியிட்டது. ஆக, இந்த மாதிரி பிறந்ததே நோயாளிகளிடமிருந்துதான்.

செய்முறை எளிது. எலியின் முதுகில் முடியை மழித்துவிட்டு, 5 சதவீதக் கிரீமில் 62.5 மில்லிகிராம் எடுத்து, தினமும் ஒரு முறை, ஐந்து அல்லது ஆறு நாள் முதுகிலும் ஒரு காதிலும் தடவ வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் தோல் சிவக்கும். அப்புறம் தொட்டால் தடிப்பு தெரியும், மூன்று நான்கு நாளில் வெள்ளைச் செதில் எழும்பும். சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டினால் அதிகபட்சம் 12. காதின் தடிப்பைக் காலிப்பரால் அளப்போம். சாதாரணமாக அது கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, அதனால் காலிப்பரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே அளவு மாறிவிடும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஆய்வு தொடங்கினால் கடைசி நாள் வரை ஒரே ஆள்தான் காதை அளக்க வேண்டும். எந்த எலிக்கு எந்த மருந்து என்று அந்த ஆளுக்குத் தெரியவும் கூடாது.

அந்த 2009 கட்டுரை முக்கியமானதற்குக் காரணம் செதில் இல்லை. ஐஎல்-23 இல்லாத எலிகளுக்கும், ஐஎல்-17-ஐ உணர முடியாத எலிகளுக்கும் இதே கிரீமைப் போட்டபோது அழற்சி பெரும்பாலும் வரவில்லை. மனித நோயில் எந்தப் பாதை முக்கியம் என்று சந்தேகப்பட்டார்களோ, இங்கேயும் அதே பாதைதான் ஓடுகிறது என்று தெரிந்தது.

சொரியாசிஸ் எலியைத் தொட்டால் உங்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா?

ஒட்டாது. எலிக்கு உண்டாக்கும் அழற்சியும் தொற்றாது, மனிதரின் சொரியாசிஸும் தொற்றாது, எக்ஸிமாவும் தொற்றாது. இதைக் கேட்பவர்களிடம் நான் எப்போதும் ஒன்று கூடுதலாகச் சொல்வேன். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ சொரியாசிஸ் உள்ளவர் இருந்தால் தாராளமாகக் கைகொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஐந்து நாளில் வந்து போவதை வருடக்கணக்கான நோயோடு எப்படி ஒப்பிடுவது?

ஒப்பிடக் கூடாது, இந்த மாதிரியின் பெரிய குறையே இதுதான். கிரீமை நிறுத்தினால் எலியின் தோல் தானாக ஆறிவிடும். மனிதருக்கு அப்படி இல்லை. மருந்தால் திட்டு மறைந்த பிறகும், மருந்தை நிறுத்தினால் பலருக்கு அதே இடத்தில் திரும்ப வருகிறது, ஏனென்றால் பழைய அழற்சியை நினைவில் வைத்திருக்கும் 'நினைவு' டி செல்கள் அந்த இடத்துத் தோலிலேயே குடியிருக்கின்றன. ஐந்து நாள் எலியில் அந்த நினைவு உருவாகவே நேரம் இல்லை. 'இந்த மருந்து ஐஎல்-17 பாதையைத் தடுக்கிறதா' என்று கேட்டால் இமிகுவிமாட் எலி பதில் சொல்லும். 'நோய் ஏன் திரும்ப வருகிறது' என்று கேட்டால் சொல்லாது.

இன்னொரு குறையும் உண்டு. தடவியது முதுகில் என்றாலும் மருந்து ரத்தத்தில் சேரும், எலி தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது வயிற்றுக்குள்ளும் போகும். முதல் இரண்டு மூன்று நாளில் எடை குறையும், மண்ணீரல் வீங்கும். சொரியாசிஸ் நோயாளிக்கு இப்படி ஆவதில்லை.

அப்போ மனிதத் தோலையே எலிமேல் ஒட்டிவிடலாமே?

ஒட்டுகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகள் இந்த வகையில்தான் வருகின்றன. வேற்றுத் தோலை நிராகரிக்க முடியாத, நோய் எதிர்ப்புக் குறைந்த எலியை எடுத்துக்கொண்டு, சொரியாசிஸ் உள்ளவரின் உடம்பில் நோய் வராத இடத்திலிருந்து மெல்லிய தோல்துண்டு எடுத்து அதன் முதுகில் பதிப்பார்கள். 1996-இல் வெளியான ஆய்வில், இப்படிப் பதித்த நல்ல தோலில் அதே நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்துத் தூண்டிவிட்ட வெள்ளணுக்களைச் செலுத்தினார்கள், தோல் சொரியாசிஸ் திட்டாக மாறியது. அதுவரை, இது தோல் செல்லின் நோயா நோய் எதிர்ப்பு செல்லின் நோயா என்று ஒரு சர்ச்சை இருந்தது. 1979-இல் டி செல்லை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை எடுத்தவர்களுக்குச் சொரியாசிஸ் குறைந்ததிலிருந்தே சந்தேகம் டி செல்மேல் விழுந்திருந்தது, இந்த ஆய்வு அதை நன்றாக உறுதிப்படுத்தியது.

2004-இல் இன்னொரு குழு வேறு வகை எலியில் அதே மாதிரி நல்ல தோலைப் பதித்துவிட்டு எதையும் செலுத்தாமல் விட்டது. அப்படியும் திட்டு வந்தது! வெளியிலிருந்து ஒரு செல்கூடச் சேர்க்காமல், பார்வைக்கு நன்றாக இருந்த அந்தத் தோலுக்குள் ஏற்கெனவே இருந்த டி செல்களே பெருகி நோயைக் கொண்டுவந்துவிட்டன. டிஎன்எஃப்-ஐத் தடுத்தபோது வரவில்லை. மேலே சொன்ன 'நினைவு செல்' பேச்சுக்கு இது பெரிய ஆதாரம்.

இவ்வளவு நல்லதென்றால் எல்லாரும் ஏன் செய்வதில்லை? நோயாளிகள் தோல் கொடுக்க வேண்டும், ஒருவர் தோலில் சில எலிகள்தான் செய்ய முடியும், பதிப்பதற்குக் கைத்திறமை வேண்டும், தோல் பிடித்து வளரவே வாரக்கணக்கில் ஆகும். கிரீம் தடவுவது ஆறு நாளில் முடிந்துவிடும்.

எக்ஸிமாவுக்கும் அதே கிரீம்தானா?

இல்லை. எக்ஸிமா, அதாவது நம் ஊரில் கரப்பான் என்று சொல்வதில் குழந்தைகளுக்கு அதிகம் வருகிற அட்டோபிக் வகை, வேறு பாதையில் ஓடுகிறது. அங்கே ஐஎல்-4, ஐஎல்-13, தோலின் தடுப்புச்சுவர் பலவீனம், கடும் அரிப்பு. இதற்குப் பல மாதிரிகள் உண்டு. ஆக்சசோலோன் என்ற ரசாயனத்தைத் திரும்பத் திரும்பத் தடவுவது ஒன்று, தூசிப்பூச்சிச் சாற்றைத் தடவுவது இன்னொன்று.

நான் எல்லாருக்கும் சொல்லும் விசித்திரம் எம்சி903 மாதிரி. அது கால்சிபோட்ரியால், வைட்டமின் டி வகை மருந்து, சொரியாசிஸ் நோயாளிகள் தினமும் தடவுவது. அதை எலியின் காதில் தொடர்ந்து தடவினால் மேல்தோல் செல்கள் டிஎஸ்எல்பி என்ற புரதத்தை ஏராளமாகச் சுரந்து, எக்ஸிமா போன்ற அழற்சி வந்துவிடும். ஒரு நோய்க்கான மருந்து, இன்னொரு உயிரில் இன்னொரு நோயை உண்டாக்குகிறது. எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குச் சொல்லாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

தானாகவே எக்ஸிமா போல வரும் எலி வகையும் உண்டு. ஜப்பானிய வளர்ப்பு எலிகளிலிருந்து 1957-இல் உருவாக்கிய என்சி/என்ஜிஏ என்ற வகை. இவற்றைச் சாதாரண அறையில் வளர்த்தால் எட்டு வார வயதையொட்டிச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும், ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமை ஆன்டிபாடி ஏறும். கிருமி நீக்கிய சுத்தமான அறையில் வளர்த்தால் எதுவும் வராது. இதை 1997-இல் எழுதினார்கள். நோய் மரபணுவில் மட்டும் இல்லை, வாழும் இடத்திலும் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

எலிக்கு அரிக்கிறது என்று எப்படித் தெரியும்? வலியாகக்கூட இருக்கலாமே?

நல்ல கேள்வி, பல வருடம் இதற்குச் சரியான பதில் இல்லை. கழுத்துப் பின்புறம் ஊசி போட்டால் அரித்தாலும் வலித்தாலும் எலி பின்னங்காலால்தான் சொறியும், வேறு வழி அதற்கு இல்லை. 2008-இல் ஷிமாடா, லாமோட் என்ற இரு ஆய்வாளர்கள் இடத்தைக் கன்னத்துக்கு மாற்றினார்கள். கன்னத்தில் அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் போட்டால் எலி பின்னங்காலைத் தூக்கி விறுவிறுவென்று சொறிகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் போட்டால் முன்னங்காலால் கன்னத்தைத் துடைத்துக்கொள்கிறது. பின்னங்கால் என்றால் அரிப்பு, முன்னங்கால் என்றால் வலி.

அதை முதல்முறை நேரில் பார்த்தபோது நான் அசந்துபோய்விட்டேன். நமக்குக் கண்ணில் மிளகாய்க்கை பட்டால் கை போவதற்கும், கொசு கடித்த இடத்துக்குக் கை போவதற்கும் உள்ள வித்தியாசம் அப்படியே அந்தச் சின்ன உடம்பில் தெரிகிறது. எண்ணுவது என்னவோ கடினமான வேலை. கேமரா வைத்துப் பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு சொறிதலாக எண்ண வேண்டும். ஆள் பக்கத்தில் நின்றால் எலி மிரண்டு சொறிவதை நிறுத்திவிடும்.

ஒரே எலி, ஒரே கிரீம், இரண்டு ஆய்வகத்தில் இரண்டு முடிவு வருகிறதே, ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. மாறக்கூடிய விஷயங்கள் ஏராளம். பால்ப்-சி வகை எலியும் பிளாக்-6 வகை எலியும் ஒரே மாதிரி அழற்சி காட்டாது. ஆண் எலிகள் ஒரே கூண்டில் சண்டை போட்டுக் கடித்துக்கொள்ளும், கடிபட்ட தோலை வைத்துத் தோல் ஆய்வு செய்ய முடியாது, அதனால் பலர் பெண் எலிகளையே எடுக்கிறார்கள். முடி வளர்ச்சிச் சுழற்சி இன்னொன்று. ஏழெட்டு வார வயதில் முதுகு முடி ஓய்வில் இருக்கும், அப்போது மழித்தால் தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு எலியில் மழித்த இடம் சாம்பலாகவோ கறுப்பாகவோ தெரிந்தால் அங்கே முடி வளரத் தொடங்கிவிட்டது, தோலும் தானாகவே தடித்திருக்கும். அந்த எலியைச் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

கிரீமே கூட ஒரு பிரச்சினை. ஆல்டாரா என்ற வணிகக் கிரீமில் இமிகுவிமாட்டைக் கரைக்க ஐசோஸ்டியரிக் அமிலம் இருக்கிறது. அந்த அமிலம் தனியாகவே, டிஎல்ஆர்-7 துணையில்லாமல் அழற்சியைக் கிளப்பும் என்று 2013-இல் காட்டினார்கள். ஒப்பீட்டுக்கு வெறும் வாசலைன் தடவியவர்கள் பலர், அவர்கள் பார்த்த அழற்சியில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு அமிலத்தால் என்று பிரிக்க வழியில்லை. நானும் ஒருமுறை, முடி நீக்கும் கிரீமை இரண்டு நிமிடம் அதிகமாக விட்டுவிட்டேன். மறுநாள் எதுவும் தடவாத எலிகளும் சிவந்திருந்தன. அந்தத் தொகுதி முழுவதையும் ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டியதாயிற்று. என் கவனக்குறைவால் அத்தனை உயிர்கள் வீணானது இன்றும் மனதில் கிடக்கிறது.

அப்புறம் சுத்தம். மினசோட்டாவில் ஒரு குழு 2016-இல், ஆய்வக எலிகளின் நோய் எதிர்ப்பு செல்கள் மனிதப் பச்சைக்குழந்தையுடையதைப் போல இருக்கின்றன, செல்லப்பிராணிக் கடையிலிருந்து வாங்கிய எலிகளுடையவை வளர்ந்த மனிதருடையதைப் போல இருக்கின்றன என்று காட்டியது. கிருமியே பார்க்காமல் வளர்ந்த எலியில் நடப்பதை நாற்பது வயது மனிதருக்குப் பொருத்தும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

நோயின் மரபணுவையே மாற்றிய எலி இருந்தால் இந்தக் குழப்பம் தீருமே?

ஒரே மரபணுவால் நோய் வந்தால் தீரும். சொரியாசிஸும் எக்ஸிமாவும் அப்படி இல்லை. இங்கே 'ஃபிளேக்கி டெயில்' எலியின் கதையைச் சொல்ல வேண்டும். வால் செதில் செதிலாக இருக்கும் எலி இது. ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் மரபணுக் குறைபாடு எக்ஸிமாவுக்கு வலுவான காரணம் என்று மனிதரில் 2006-இல் கண்டுபிடித்தார்கள். இந்த எலிக்கும் ஃபிலாக்ரினில் பிழை இருக்கிறது என்று 2009-இல் தெரிந்ததும் எல்லாருக்கும் மகிழ்ச்சி, எக்ஸிமாவுக்குச் சரியான மாதிரி கிடைத்துவிட்டது என்று.

ஆனால் அந்த எலியில் இரண்டு பிழைகள் சேர்ந்தே வந்துகொண்டிருந்தன. இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது, தானாகத் தோல் அழற்சி வருவதற்குக் காரணம் டிமெம்79 என்ற வேறொரு மரபணு என்று 2013-இல் வெளியானது. ஃபிலாக்ரின் பற்றிய கண்டுபிடிப்பு பொய்யாகிவிடவில்லை, அது மனிதரில் நேரடியாகப் பார்த்தது. இடைப்பட்ட வருடங்களில் இந்த எலியை வைத்து எழுதிய முடிவுகளைத்தான் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

இத்தனை குறை சொல்கிறீர்களே, எலியில் பார்த்தது எதாவது நிஜமாகவே மருந்தாகியிருக்கிறதா?

ஆகியிருக்கிறது, இன்று பல லட்சம் பேர் போட்டுக்கொள்கிறார்கள். ஐஎல்-23 கதையைப் பாருங்கள். முதலில் எல்லாரும் ஐஎல்-12-தான் குற்றவாளி என்று நினைத்து அதற்கு எதிராக ஒரு ஆன்டிபாடி தயாரித்தார்கள். 2000-இல் ஐஎல்-23 கண்டுபிடிக்கப்பட்டது, இரண்டுக்கும் ஒரு பாதி பொது என்று தெரிந்தது. இரண்டையும் தனித்தனியாக நீக்கிய எலிகளை வைத்து, மூளை அழற்சியை நடத்துவது ஐஎல்-12 இல்லை, ஐஎல்-23 என்று 2003-இல் காட்டினார்கள். பிறகு எலித் தோலுக்குள் ஐஎல்-23-ஐ நேரடியாகச் செலுத்தினால் தோல் சொரியாசிஸ் போலத் தடிப்பதையும் பார்த்தார்கள். அந்த ஆன்டிபாடி உஸ்டெகினுமாப், 2009-இல் சொரியாசிஸுக்கு வந்தது. அது பொதுப்பாதியைப் பிடிப்பதால் இரண்டையும் தடுக்கும். ஐஎல்-23-ஐ மட்டும் குறிவைக்கும் குசெல்குமாப் 2017-இல் வந்தது. யார் உண்மையான குற்றவாளி என்று பிரித்துக் காட்டியதில் எலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அரிப்பிலும் அப்படித்தான். ஐஎல்-31-ஐ அதிகம் சுரக்கும் எலிகள் ஓயாமல் சொறிந்து முடி இழந்ததை 2004-இல் எழுதினார்கள். அந்தப் பாதையைத் தடுக்கும் நெமோலிசுமாப் ஜப்பானில் 2022-இல் எக்ஸிமா அரிப்புக்கு அனுமதி பெற்றது. பதினெட்டு வருடம்.

எலியில் வேலை செய்து மனிதரில் தோற்றது எதாவது?

இருக்கிறது. மேலே எம்சி903 எலியில் சொன்ன டிஎஸ்எல்பி நினைவிருக்கிறதா? எலிகளில் எக்ஸிமாவின் தொடக்கமே அதுதான் என்று தோன்றும் அளவுக்கு அழுத்தமான முடிவுகள். அதைத் தடுக்கும் டெசெபெலுமாப் எக்ஸிமா நோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனையில் தெளிவான பலன் காட்டவில்லை. ஆனால் அதே மருந்து 2021-இல் கடும் ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்றது. எலி பொய் சொல்லவில்லை, தோலில் சொன்னது மூச்சுக்குழாயில் பலித்தது.

எஃபாலிசுமாப் கதை வருத்தமானது. சொரியாசிஸுக்கு 2003-இல் வந்த ஊசி, சிலருக்கு ஜேசி வைரஸால் மூளைத் தொற்று வந்து 2009-இல் திரும்பப் பெறப்பட்டது. ஜேசி வைரஸ் மனிதரிடம் மட்டும் வாழ்வது. எத்தனை எலியில் எத்தனை கவனமாகச் சோதித்திருந்தாலும் அந்த ஆபத்து தெரிந்திருக்காது.

வெட்பாலைத் தைலம் எலியில் நிரூபிக்கப்பட்டது என்று போட்டிருக்கிறார்கள், நம்பலாமா?

வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் எண்ணெய் கருநீலமாக மாறும், சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, வெகுகாலமாகக் கொடுப்பது. அதை நான் குறை சொல்லவில்லை. 'எலியில் நிரூபணம்' என்ற சொல்லைத்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். இப்படிப்பட்ட மூலிகை ஆய்வுகளில் அடிக்கடி வருவது எலிவால் சோதனை. வளர்ந்த எலியின் வாலில் செதில் பகுதிகளில் மேல்தோலின் குருணை அடுக்கு இயல்பாகவே இருக்காது, சொரியாசிஸ் திட்டிலும் அந்த அடுக்கு குறைந்து அல்லது இல்லாமல் இருக்கும். மருந்தைத் தடவிய பிறகு அந்த அடுக்கு எவ்வளவு தூரம் உருவாகிறது என்று அளப்பார்கள்.

கவனியுங்கள், அந்த வாலில் நோய் இல்லை. டி செல் கூட்டம் இல்லை, ஐஎல்-17 ஓட்டம் இல்லை, ஆரோக்கியமான வால் அது. 'இந்தப் பொருள் தோல் செல்லின் முதிர்ச்சியைத் தூண்டுகிறதா' என்ற கேள்விக்கு அந்தச் சோதனை பதில் சொல்லும், சொரியாசிஸ் குணமாகுமா என்பதற்குச் சொல்லாது. மனிதரில் ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய சோதனை இருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். அதுவரை, மருத்துவர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டுத் தைலத்துக்கு மாறாதீர்கள்.

எங்கள் நாய்க்கும் எக்ஸிமா என்று கால்நடை மருத்துவர் சொன்னார், அது எங்கள் எக்ஸிமா மாதிரியேவா?

வியப்பாக இருக்கும், ஆனால் பல விதங்களில் அதுவேதான். லாப்ரடார், வெஸ்டி போன்ற இனங்களுக்குத் தானாகவே வருகிறது, சிறு வயதில் தொடங்குகிறது, தூசிப்பூச்சிக்கு ஒவ்வாமை, மடிப்புகளிலும் பாதத்திலும் அரிப்பு. ஆய்வகத்தில் உண்டாக்க வேண்டியதே இல்லை, நம் வீட்டில் நம் தூசியில் நம்மோடு வாழ்ந்தே அதற்கு வருகிறது. எலியில் இல்லாத காலநீட்சியும் வாழ்விடமும் இங்கே இருக்கின்றன.

ஓக்லாசிட்டினிப் என்ற ஜாக் தடுப்பு மாத்திரை (ஜாக் என்பது சமிக்ஞைப் புரதங்களின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் நொதி) அமெரிக்காவில் நாய்களுக்கு 2013-இல் அனுமதி பெற்றது. மனித எக்ஸிமாவுக்கு அதே வகை மாத்திரைகள் அங்கே வந்தது 2022-இல். ஐஎல்-31 ஆன்டிபாடியும் நாய்க்குத்தான் முதலில் வந்தது. நாய்க்கு மருந்தும் கிடைத்து நமக்கு அறிவும் கிடைக்கிற இந்த வழியை இன்னும் அதிகம் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

எலிக்கு வலிக்காதா? கேட்க ஆளே இல்லையா?

வலிக்கும், அரிக்கும், அவஸ்தைப்படும். இல்லை என்று சொல்ல மாட்டேன். கேட்க ஆள் உண்டு. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென்று ஒரு மத்தியக் குழு இருக்கிறது, ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வேறு வழி இல்லையா, எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள் என்று எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே தொடங்கலாம். 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் சொன்ன மூன்று விதிகள் இதன் அடிப்படை: மாற்று இருந்தால் விலங்கை எடுக்காதே, எடுத்தால் குறைவாக எடு, எடுத்ததை வலியில்லாமல் வை.

நடைமுறையில் தினமும் எடை பார்ப்போம், வற்றிப்போகாமல் இருக்கச் சலைன் கொடுப்போம், எடை குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைந்தால் அந்த எலியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவோம், முடிவு என்ன ஆனாலும் சரி. காகிதத்தில் இருப்பது எல்லா இடத்திலும் நடக்கிறதா என்றால், அது அங்கே வேலை செய்கிறவர்களின் மனசாட்சியையும் பொறுத்தது. என் கருத்தில், தப்பாகத் திட்டமிட்டு எதற்கும் உதவாத முடிவைத் தரும் ஆய்வுதான் எலிக்குச் செய்யும் பெரிய கொடுமை.

நான் போடும் ஷாம்பூ, கிரீமுக்கெல்லாம் இன்னும் விலங்கில் சோதிக்கிறார்களா?

இந்தியாவில் அழகுசாதனங்களை விலங்குகளில் சோதிப்பது 2014-இல் தடைசெய்யப்பட்டது, அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் அதே வருடம் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கான முழுத்தடை 2013 முதல். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது நோய்க்கான மருந்து ஆய்வு, அது வேறு.

ஆய்வகத்திலேயே தோல் வளர்க்கிறார்களாமே, இனி எலி எதற்கு?

சில கேள்விகளுக்குத் தேவையே இல்லை. ஒரு பொருள் தோலைக் கரைத்துப் புண்ணாக்குமா, எரிச்சல் தருமா என்பதை வளர்த்த மனித மேல்தோலில் பார்த்துவிடலாம். அதில் எலியை விட மனிதச் செல் நல்ல சாட்சி. அறுவை சிகிச்சையில் எடுத்த மனிதத் தோலைச் சில நாள் உயிரோடு வைத்தும் பார்க்கிறார்கள். சட்டங்களும் மாறிக்கொண்டிருக்கின்றன, விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை அமெரிக்கா 2022 டிசம்பரில் ஒரு சட்டத்தால் தளர்த்தியது, இந்தியாவும் 2023-இல் விதிகளைத் திருத்தி மாற்று முறைகளுக்கு இடம் கொடுத்தது.

ஆனால் தட்டில் வளர்த்த தோலுக்கு ரத்த ஓட்டம் இல்லை, நிணநீர்க்கணு இல்லை, மூளைக்குப் போகும் நரம்பு இல்லை. அது சொறியாது. வெள்ளணு எங்கோ உருவாகி, எங்கோ பாடம் கற்று, ரத்தத்தில் நீந்தித் தோலுக்கு வரும் பயணம் அங்கே நடக்காது. அந்தப் பயணம்தான் உங்கள் கேள்வி என்றால் இப்போதைக்கு ஒரு முழு உயிர் தேவைப்படுகிறது.

எங்க அம்மாவுக்குச் சொரியாசிஸ். எலியில் புது மருந்து பலித்தது என்று செய்தி வந்திருக்கிறது, எப்போது கைக்கு வரும்?

இதைக் கேட்கும்போது தயங்காமல் நேராகச் சொல்லிவிடுவேன்: வராமலே போகலாம், வந்தாலும் பல வருடம் ஆகும். ஐஎல்-31-க்குப் பதினெட்டு வருடம் என்று மேலே சொன்னேன். அந்தச் செய்தியில் எந்த மாதிரி என்று பாருங்கள். இமிகுவிமாட் என்றால், மருந்தை அழற்சி வருவதற்கு முன்பே கொடுத்தார்களா, வந்த பிறகு கொடுத்தார்களா என்று பாருங்கள். முன்பே கொடுத்திருந்தால் அது அம்மாவின் நிலைமை இல்லை, அம்மாவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒட்டிய மனிதத் தோலில் பலித்ததென்றால் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடும். நோயாளிகளிடம் சோதனை தொடங்கிவிட்டது என்றால் இன்னும் கூடும்.

அந்தச் செய்திக்காகக் காத்திருந்து இன்று இருப்பதை விட்டுவிடாதீர்கள். மூட்டு வலி, காலையில் விரல் விறைப்பு, நகத்தில் குழி இருந்தால் அடுத்த முறை தோல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சொரியாசிஸ் மூட்டைத் தொடும்போது சீக்கிரம் கவனித்தால் மூட்டைக் காப்பாற்றலாம். ஊசி மருந்து தொடங்குவதற்கு முன் காசநோய்ச் சோதனை எழுதித் தருவார்கள், அதைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.